இருக்கறதுல பெருசு

சுடுதண்ணியில முக்கி எடுத்த சூட்டோட பிடுங்கிறோணுங்க நர்சம்மா. ஆற விட்டா ரெக்கை தோலோட ஒட்டிக்கும், அப்புறம் இழுத்தாத் தோலும் சேந்து வந்துரும். அதனாலதான் எந்திரிச்சு வரலை, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தப் பலகையை இழுத்துப் போட்டு உக்காருங்க. அக்கட்டால வேண்டாம், அங்க ஈரம். இப்படி நெழலுக்கு வாங்க.

பாப்பா தொட்டில்ல தூங்கறா. எடை பாக்கறதுன்னா கொஞ்ச நேரம் பொறுங்க. அவளா முழிச்சா சிரிச்சுக்கிட்டே வருவா, நாம எழுப்புனா ஊரையே கூட்டிருவா. பெரியவ அந்தா, கொடாப்புக்குப் பின்னால என்னமோ மண்ணுல சோறாக்கிட்டிருக்கறா. கொடாப்புன்னா தெரியுமில்லீங்க? நீங்க மதுரைப் பக்கம்னு சொன்னீங்க. கோழியை உள்ள உட்டுக் கவுத்து மூடற மூங்கில் கூடைதான். எங்க பக்கம் கொடாப்பும்போம்.

வீட்டுல ஆருமில்லீங்க. அத்தை சந்தைக்குப் போயிருக்காங்க. அவரு நங்கையாவைக் கூட்டியாரப் போயிருக்காரு. நங்கையான்னா அவரோட அக்கா, ஈஸ்வரி நங்கையா. மத்தியானம் அவங்க ஊட்டு ஆளுகல்லாம் இங்கதான் சாப்பாடு. அதுக்குத்தான் இந்தக் கோழி.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. எடை பாக்க மட்டும் வரலை. போன தடவையும் கேட்டீங்க, அதுக்கு முந்தியும் கேட்டீங்க. ரெண்டு புள்ளை ஆச்சு, ஒடம்புல ரத்தமில்லை, பாப்பா பொறக்கறப்பவே நீ பொழைச்சது பெரிய விசயம், இன்னொண்ணு தாங்காது, ஆப்பரேசன் பண்ணிக்க, மதின்னு. அத்தைதான் பதில் சொன்னாங்க, "சாவல் நிக்குதுங்க நர்சம்மா"ன்னு. நீங்க அவங்களையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தீங்க. சாவல், அதான் சேவக்கோழி, அது நின்னா இவளுக்கென்னன்னு நெனைச்சிருப்பீங்க. அன்னைக்கே சொல்லியிருக்கோணும். எனக்குப் பெரியவங்க முன்னால வாய் வராது. பள்ளிக்கொடத்துலயும் அப்படித்தான், பதில் தெரிஞ்சாலும் எந்திரிச்சு நிக்க மாட்டேன். ஆறாவதோட நிறுத்திட்டாங்க, அதுக்கும் ஒண்ணும் சொல்லலை.

கை வேலையா இருந்தா மட்டும் கொஞ்சம் பேச வருமுங்க. மூஞ்சியைப் பாக்க வேண்டியதில்லையே.

இந்தக் கோழியெல்லாம் என்னோடதுதான். அத்தை வீட்டுக் கோழின்னு சொல்லுவாங்க, இருக்கட்டும். நான் கல்யாணமாகி வந்தப்ப இங்க ஒரு ரெக்கை கெடையாது. எங்கம்மா ஒரு கறுப்புப் பொட்டையைக் கூடையில வெச்சு மேல துணி கட்டிக் குடுத்து உட்டாங்க. அதுலிருந்து பெருகுனதுதான் எல்லாம். அடை வெக்கறது நான். கூடையில மணல் போட்டு, முட்டை வெச்சு, இடிச் சத்தத்துக்குக் கெட்டுப்போகப்படாதுன்னு ஒரு கரித்துண்டும் இரும்புத் துண்டும் வெச்சு, ஒவ்வொண்ணா வெளக்கு வெளிச்சத்துல பாத்து, கூமுட்டையைக் கழிச்சு, எல்லாம் நான். பருந்து வந்தா ஓடறது நான். கீரி வந்தா ஓடறது நான். ஒறம்பரை வந்தாப் புடிக்கறதும் நான். எங்க பக்கம் வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களை ஒறம்பரைன்னு சொல்லுவோம். ஒறம்பரை வந்து கோழி அடிக்காம அனுப்புனா அது பெரிய கொறைங்க. வருசத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

இருங்க, திருப்பிப் போட்டுக்கறேன். நெஞ்சுப் பக்கம் பூமயிரு ஒட்டிக் கெடக்குது. இது கையில வராது, தீயில வாட்டுனாத்தான் போகும்.

கல்யாணத்துக்கு முன்னால நான் குஞ்சு பொரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போனேனுங்க. மெசின்ல பொரிச்சுத் தட்டுத் தட்டா வரும், மஞ்சமஞ்சேன்னு பூ மாதிரி. ஒரு அக்கா ரெக்கையை விரிச்சுப் பாத்து, பொட்டை இந்தப் பக்கம், சாவல் அந்தப் பக்கம்னு போடுவாங்க. கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள போடுவாங்க. முட்டைப் பண்ணைக்குப் பொட்டைதான வேணும்? சாவக்குஞ்சை அன்னைக்கே கழிச்சுக் கட்டிருவாங்க. கல்யாணமான புதுசுல இதை அத்தைகிட்டச் சொன்னேன். "அட, பையன் வேண்டாம்னு தள்ளற எடமும் ஒலகத்துல இருக்குதா புள்ளே"ன்னு வாயைப் பொத்திட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்ப எனக்கு எதுவும் தெரியாது.

அத்தைக்குக் கோழி விசயம் எல்லாம் தெரியுமுங்க. ஒரு பொட்டை முட்டை உட்டு முடிச்சா அடைக்கு உக்காந்துரும். தீனி தின்னாது, எந்திரிக்காது, கிட்டப் போனாச் சீறும். குஞ்சு வேணும்னா உக்கார உடுவோம். வேண்டாம், மறுக்கா முட்டைக்கு வரட்டும்னா அடையைத் தெளிய வெக்கோணும். தூக்கிட்டுப் போய் தண்ணித் தொட்டியில முக்கி முக்கி எடுக்கறது. அது ரெக்கையையே ஒண்ணு பிடுங்கி அது மூக்குல கோத்து விட்டுறது. அதைத் தட்டி விடறதுக்கு அங்கயும் இங்கயும் ஓடும் பாருங்க. ஓடி ஓடி, உக்காரணும்ங்கற நெனைப்பே போயிரும். கொஞ்ச நாள்ல மறுக்கா முட்டை உடும். பாவமாத்தான் இருக்கும். என்ன பண்றது, வீட்டுக்கு வேணுமில்லீங்க. அத்தை கை வெச்சா ஒரு தடவையில தெளிஞ்சுரும். எனக்கு அந்தளவுக்குக் கை வராது.

அறுக்கறதுக்கும் எனக்கு வராமத்தான் இருந்துச்சு. பொம்பளை கோழி அறுக்கக் கூடாதும்பாங்க. அவரு ஆழ்கெணறு தொளைக்கற போர் வண்டியில வேலைக்கு வடக்க போயிட்டா மாசக்கணக்குல வரமாட்டாரு. பக்கத்துக் காட்டுச் செங்கோடண்ணனைத்தான் கூப்புடுவேன். அந்தண்ணன் வாய் சும்மா இருக்காது. "ஏம்மிணி, உன்ற ஊட்டுக்காரன் ஒடிசாவுல பூமியைத் தொளைச்சுட்டுக் கெடக்கறான், நான் உன்ற கோழிக் கழுத்தைப் பாத்துட்டுக் கெடக்கறேன்"ம்பாரு. வேடிக்கைக்குத்தான் சொல்றது. ஆனா அதை நாலு பேரு கேட்டு வேற மாதிரிச் சிரிச்சாங்க. அப்புறம் நான் கூப்புடலை. நானே கத்தியை எடுத்துட்டேன். மொத தடவை கண்ணை மூடிட்டு அறுத்ததுல அது பாதிக் கழுத்தோட எந்திரிச்சு ஓடிப்போய் வைக்கோல் போருக்குள்ள பூந்துக்குச்சு. அத்தை தலையில அடிச்சுட்டாங்க. "அறுக்கறவ கண்ணை மூடுனா அறுபடறது என்னடி பண்ணும்"னாங்க. இப்பக் கண்ணை மூடறதில்லீங்க.

கறியானதுக்குப் பொறகு பங்கு இருக்குது. கால் ரெண்டும் வந்த ஒறம்பரைக்கு. ஈரல் வீட்டு ஆம்பளைக்கு. நெஞ்சுக்கறி அத்தைக்கு, பல்லு போயிருச்சு, மெதுவா இருக்கோணும். கழுத்தும் முதுகெலும்பும் எனக்கு. எனக்குக் கழுத்துன்னாப் புடிக்குமுங்க. புடிக்கும்னுதான் நெனைக்கறேன், வேற தின்னு பாத்ததில்லை. பெரியவ கனிஷ்கா ஒரு நாள் ஈரல் வேணும்னு அழுதா. "பொட்டைப்புள்ளை ஈரல் தின்னாத் தைரியம் ஏறிப்போயிரும், அப்புறம் கட்டிக்கறவன் பாடு"ன்னு அத்தை அவ கையைத் தட்டி உட்டாங்க. அவரு அப்ப இல்லை. அந்த ஈரலை மூடி வெச்சு, ராத்திரி நாய்க்குத்தான் போட்டாங்க.

அந்த ஓலையை ரெண்டு இப்படி எடுத்துக் குடுக்கறீங்களா? காஞ்சதா. இதைக் கொளுத்தித்தான் வாட்டறது. பொகை வரும், பலகையை அந்தப் பக்கம் நகத்திக்கங்க.

சாவல் கதைக்கு வாரேன். கனிஷ்கா பொறந்தப்ப அத்தை ஆசுபத்திரிக்கு வந்தாங்க, புள்ளையைத் தூக்கிப் பாத்தாங்க, நல்லாத்தான் கொஞ்சுனாங்க. அப்படியே நேரா எங்க காட்டு முனியப்பன் கோயிலுக்குப் போனாங்க. அடுத்தது பையனாக் குடு, ஒரு சாவல் வெட்டறேன்னு வேண்டிக்கிட்டாங்க. என்ற கறுப்புப் பொட்டை பொரிச்ச குஞ்சுல, நல்ல செவலையா ஒண்ணைப் பாத்து, காலுல மஞ்சத்துணி கட்டி நேந்து உட்டுட்டாங்க. அன்னையிலிருந்து அது சாமி சாவல். அதை விக்கப்படாது, அறுக்கப்படாது, வெரட்டப்படாது. கம்பு எறைச்சா மொதல்ல அது தின்னட்டும்பாங்க. கனிஷ்காவுக்கும் அதுக்கும் ஒரே வயசு. ரெண்டையும் ஒண்ணாத்தான் வளத்தேன். அதுக்கு எடை நல்லா ஏறுச்சு. இவளுக்கு ஏறலைன்னு நீங்கதான் திட்டுனீங்க.

நேந்ததை எப்படிக் குடுக்கறதுன்னா, கோயில்ல கொண்டு போய் நிறுத்தி, மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க. தண்ணி பட்டதும் அது ஒடம்பைச் சிலுப்போணும். அதைத் துலுக்குக் கேக்கறதுன்னு சொல்லுவோம். சிலுப்புனா சாமி வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம், அப்பறந்தான் வெட்டறது. சிலுப்பலைன்னாக் காத்திருக்கோணும். போன வருசம் ஒருத்தரு கெடா கொண்டாந்து மத்தியானம் வரைக்கும் தண்ணி ஊத்துனாரு, அது சொட்டச் சொட்ட நனைஞ்சுட்டு அசையாம நின்னுச்சு. ஓட்டிட்டுப் போயிட்டாரு.

இந்தச் சாவலுக்குக் கோயிலுக்குப் போற நேரமே வரலைங்க.

ரெண்டு கோடைக்கு முந்தி நான் முழுகாம இருந்தேன். உங்களுக்கு முந்தி இருந்த நர்சம்மாதான் ஊசி போட்டாங்க. வயிறு கூர்ப்பா இருக்குது, பையன்தான்னு எல்லாரும் சொன்னாங்க. அத்தை என்னைக் கொடம் தூக்க உடலை. அந்தச் சமயத்துலதான் கோழிக்குச் சீக்கு வந்துச்சு. வெள்ளைக்கழிச்சல். வெடியக்காலையில கொடாப்பைத் தூக்குனாக் கழுத்தைத் திருகிட்டு நாலு கெடக்கும். மொளகு, சீரகம், வேப்பெலை எல்லாம் அரைச்சு உருண்டை புடிச்சு ஒவ்வொண்ணு வாயிலயும் போட்டேன். நிக்கலை. எங்கம்மா குடுத்த கறுப்புப் பொட்டையும் போச்சு. கொடம்தான் தூக்கக் கூடாதுன்னாங்க. குழி வெட்டக் கூடாதுன்னு ஆரும் சொல்லலை, நானும் கேட்டுக்கலை. செத்ததை வெளிய போட்டா நாய் இழுத்துட்டுப் போயிருமுங்க. வெயில்ல குனிஞ்சு வெட்டிட்டே இருந்தேன். அப்பத்தான் வயிறு இழுத்துப் புடிச்சுது.

கலைஞ்சுருச்சு. ஆமாங்க. பையன்தான்.

அத்தை நல்லவங்கதான். ஒண்ணுஞ் சொல்லலை என்னை. "சூப்பு வெச்சுக் குடுக்க ஒரு பொட்டை கூட மிச்சமில்லாமப் போச்சே சாமி"ன்னு பக்கத்து வீட்டுல போயிக் கடன் கேட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து, அவங்க கையாலயே அறுத்து, சூப்பு வெச்சு, ஊதி ஊதிக் குடுத்தாங்க. குடுத்துட்டே அழுதாங்க. எனக்கு அழுகை வரலைங்க. தூக்கந்தான் வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு வர்றது தூக்கந்தான். எங்க உக்காந்தாலும் வருது. நீங்க பேசிட்டிருக்கறப்பக்கூட வந்துருக்குது, கோவிச்சுக்காதீங்க.

அத்தனை கோழி செத்ததுல அது ஒண்ணு மட்டும் பொழைச்சுக்குச்சு. சாமி சாவல். நான் குழியை மூடுன மேட்டு மேல ஏறி நின்னுட்டு ஒரு நாள் கூவுச்சு. அத்தை அதைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாங்க. "பாத்தியா புள்ளே, முனியப்பன் காப்பாத்தி வெச்சிருக்கறான், அவன் நெனைப்பு மாறலை"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் அந்தச் சொல் வந்துச்சு. சாவல் நிக்கற வரைக்கும் வேண்டுதல் நிக்குது. வேண்டுதல் நிக்கறப்ப ஆப்பரேசன்னு வயித்தைக் கட்டிட்டு வந்தா, சாமியை ஏமாத்துன மாதிரி. இருக்கற புள்ளைகளுக்கு ஆகாது. நான் பயந்தவதாங்க. எனக்கு ஒண்ணுன்னாக்கூடப் பரவால்லை, புள்ளைகளைச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?

மறுக்கா உண்டாயிட்டேன், பாப்பா பொறந்தா. அந்தக் கதை உங்களுக்கே தெரியும். வண்டியில என்னைப் போட்டுட்டுப் போறப்ப நீங்கதான என்ற கன்னத்துல தட்டித் தட்டித் தூங்காத தூங்காதன்னு சொல்லிட்டே வந்தீங்க. நான் அப்ப என்ன நெனைச்சேன் தெரியுமுங்களா? கொடாப்பை மூடுனனா இல்லையான்னு நெனைச்சேன்.

ம், வாட்டியாச்சு. பாருங்க, தோலு நல்லா இறுகிருச்சு. மஞ்சள் பூசிக் கழுவிட்டா நாத்தம் போயிரும். அந்தச் சொம்பு… இல்லை, அது வேண்டாம், அது வேற. அந்த நீலக் குண்டாவைத் தள்ளுங்க.

அவரு என்ன சொல்றாருன்னு கேக்கறீங்க. அவரு நல்லவருதாங்க. குடிச்சாலும் அளவாக் குடிப்பாரு. ஞாயித்துக்கெழமைன்னா போன் பண்ணிருவாரு. பாப்பா பொறந்ததுக்கப்புறம் ஒரு தடவை நானே போன் பண்ணி, ஆப்பரேசன் பண்ணிக்கட்டுங்களான்னு கேட்டேன். நாள் பூரா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டுத்தான் கேட்டேன். அவரு பக்கம் போர் ஓடற சத்தம். "என்ன? என்ன சொன்னே? கேக்கலை"ன்னாரு. "ஒண்ணுமில்லீங்க, சாப்புட்டீங்களா"ன்னேன். "ஆச்சு ஆச்சு"ன்னு வெச்சுட்டாரு.

அது போகட்டும். கனிஷ்கா கண்ணுக்குக் கீழ நீங்கதான மருந்து போட்டு உட்டீங்க? அதுவும் இதே சாவல்தான். வயசாக வயசாக அதுக்குக் காலு முள்ளு கொம்பாட்ட வளந்துருச்சு. என்னைய ஒண்ணும் பண்ணாது, நான் தீனி போடற கை. புள்ளையைக் கண்டா மட்டும் பாஞ்சு வரும். கொஞ்சம் மேல பட்டிருந்தாக் கண்ணே போயிருக்கும்னு நீங்க சொன்னீங்க. வீட்டுக்கு வந்து அத்தைகிட்டச் சொன்னேன். "சாமி சாவல் பட்டா நல்லதுதான் புள்ளே, தோசம் போகும்"னாங்க. அடுத்த நாளே பாப்பாவை வெளிய பாய் போட்டுப் படுக்க வெச்சிருக்கறேன், அது வந்து அவ தலைமாட்டுல நின்னு, ஒரு பக்கமாக் கண்ணைச் சாச்சுட்டுப் பாத்துட்டிருக்குது. நான் வெரட்டலைங்க, வெரட்டப்படாதே. பாப்பாவைத்தான் உள்ள தூக்கிட்டுப் போனேன்.

காலுல கட்டுன மஞ்சத்துணி நைஞ்சு எப்பவோ உழுந்துருச்சு. புதுசு கட்டு, புதுசு கட்டுன்னு அத்தை சொல்லிட்டே இருந்தாங்க. நான் மறந்துட்டே இருந்தேன். எனக்கு மறதி சாஸ்தி.

நேத்து நடந்ததைச் சொல்றேன். அவரு வந்து நாலஞ்சு நாளாச்சு. ஆடிக்கு வந்திருக்காரு. சாயங்காலம் வாசல்ல கட்டில்ல படுத்துட்டுப் போன் பாத்துட்டிருந்தாரு. "நாளைக்கு அக்கா வருது, மாமனும் வர்றாரு, கோழி அடிச்சுரு"ன்னாரு.

"எதைங்க அடிக்கறது?"ன்னேன்.

"இருக்கறதுல பெருசாப் புடிச்சு அடி. மாமன் முன்னால மானம் போயிரப்படாது."

நான் போகலை, நின்னேன். "பெருசுன்னா… எதைங்க மாமா?"ன்னு மறுக்காக் கேட்டேன். கேட்டேனுங்க, நெசமா.

போன்லிருந்து கண்ணை எடுக்காமயே, "ஏ மதி, ஒவ்வொண்ணுக்கும் என்னையே கேப்பியா? பெருசுன்னாப் பெருசு. கண்ணு தெரியாதா உனக்கு?"ன்னாரு.

அத்தை உள்ளருந்து, "சின்னச் செவலை பெருத்துத்தான் கெடக்குது"ன்னாங்க. என்கிட்டச் சொன்னாங்களா, தன்னால பேசிக்கிட்டாங்களா, தெரியலை. சின்னச் செவலைன்னா அந்தச் சீக்குக்கப்புறம் வேற பொட்டை வாங்கியாந்து புதுசாப் பொரிச்சதுல வந்தது. நல்ல கோழிதான். ஆனா பெருசு இல்லீங்களே. அவரு இருக்கறதுல பெருசுன்னுதான சொன்னாரு. நான் ராத்திரி பூரா அதையேதான் யோசிச்சேன். கட்டுன புருசன் ஒண்ணு சொல்றாரு, அத்தை ஒண்ணு சொல்றாங்க. ஆரு பேச்சைக் கேக்கறது? அத்தைதான எப்பவும் சொல்லுவாங்க, புருசன் பேச்சை மீறாதேன்னு.

ஆமாங்க. இப்ப உங்க முன்னால கெடக்குதே, இதுதான் அது. சாமி சாவல்.

எந்திரிக்காதீங்க நர்சம்மா. உக்காருங்க. ஒண்ணும் ஆகலை. பாருங்க, தோலு எல்லாம் எப்படி இருக்குதுன்னு, இறுகின கறி. ரெண்டு மடங்கு நேரம் வேகோணும். பப்பாளிக்காத் துண்டு போட்டாத்தான் மெதுவாகும், பறிச்சு வெச்சுட்டேன். அத்தைக்கு நெஞ்சுக்கறியை இன்னும் கொஞ்சம் சேத்தி வேக வெச்சுக் குடுத்துக்கலாம்.

வெடியறதுக்கு முந்தியே எந்திரிச்சேன். கோழிக்கு இருட்டுல கண்ணு தெரியாதுங்க, கைக்கு அடங்கி வரும். ஆனா இதுக்கு அதுகூடத் தேவையில்லை, என்ற கை வாசம் தெரியும். எடுத்து அணைச்சுக்கிட்டேன், புள்ளையாட்ட வந்துச்சு. என்னா கனம்! கல்லுகிட்டக் கொண்டு போனேன். மேல ஒரே புழுதி, புழுதியோட சுடுதண்ணியில முக்குனாத் தண்ணி கெட்டுப் போகுமேன்னு, சொம்புல இருந்த தண்ணியை ஒரு கை அள்ளித் தெளிச்சேன். அந்தச் சொம்புதான், அந்தா இருக்குதே. அதுல கொஞ்சம் மஞ்சள் கெடந்துச்சு. எப்படிக் கெடந்துச்சோ. மூஞ்சி முனியப்பன் கோயிலைப் பாத்த மாதிரி நின்னுட்டிருந்தேன். அறுக்கற கல்லு அந்தப் பக்கந்தான் கெடக்குது, நான் என்ன பண்றது.

வாய் சும்மா இல்லாம ஒண்ணு சொன்னேன். பெரியவங்க முன்னாலதான் வாய் வராது, சாமி முன்னால வருது. சாமி, நீ ரெண்டு குடுத்தே. ரெண்டும் கண்ணு மூக்கோட நல்லாத்தான் இருக்குதுக. அதுக்கு இதை வாங்கிக்க. கணக்கு இத்தோட நேராப் போச்சுன்னு வெச்சுக்க. இனிக் குடுத்தாலும் வாங்கி வெக்க என்கிட்டச் சீவனில்லைன்னேன்.

சிலுப்புச்சுங்க நர்சம்மா. தலையிலிருந்து வாலு வரைக்கும் ஒரு சிலுப்பு. என்ற மூஞ்சியெல்லாம் தண்ணி தெறிச்சுது.

தண்ணி பட்டா எந்தக் கோழியும் சிலுப்பத்தான் செய்யும்பீங்க. இருக்கும். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா மத்தியானம் வரைக்கும் தண்ணி ஊத்தியும் அசையாம நின்ன கெடாயையும் பாத்திருக்கறேன். இது ஒரு கைத் தண்ணிக்கே சிலுப்பிருச்சு. அப்புறம் நான் என்ன பண்ணட்டும்? சிலுப்புனதுக்கப்புறம் அறுக்காம உட்டா அதுதான் குத்தம்.

அறுத்து மூடி வெச்சுட்டு வீட்டு வேலையைப் பாத்தேன், அத்தை சந்தைக்குப் போறப்பப் பாக்கலைங்க. அவசரம், பஸ் வந்துருச்சு. வந்தாப் பாப்பாங்க. திட்டுவாங்க. அடிக்க மாட்டாங்க, அழுவாங்க. அவங்க அழுதாத்தான் எனக்குத் தாங்காது. அவங்களுக்கும் அவரு பொறக்கறதுக்கு முன்னால நாலு பொட்டைப்புள்ளையாம், ரெண்டுதான் பொழைச்சு நின்னுச்சாம். அவங்க மாமியாரும் ஒரு சாவல் நேந்திருந்தாங்களாம். அதை வெட்டற வரைக்கும் தான் தூங்குனதே இல்லைன்னு ஒரு நாள் சொல்லியிருக்காங்க. அப்ப ஏன் என்னைய இப்படின்னு எனக்கு வெளங்கலைங்க. நான் ஆறாவது வரைக்கும் படிச்சவ, எனக்கெங்க வெளங்கப் போகுது.

அவரு கேட்டா, நீங்க சொன்னதைத்தான செஞ்சேன்னு சொல்லுவேன். இருக்கறதுல பெருசு. ரெண்டு தடவை கேட்டேன். அவரு சொல்லை நான் ஒரு நாளும் மீறுனதில்லைங்க, ஊர்ல ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

இங்க கீறி, இப்படிக் கையை உட்டு… அந்தா, வந்துருச்சு. ஈரலைப் பாத்தீங்களா, உள்ளங்கை அகலம்! இத்தனை வருசம் கம்பும் சோளமும் தின்ன ஈரல். பித்தப்பை ஒடையாம எடுக்கோணும், ஒடைஞ்சாக் கசந்துரும். ஆச்சு.

ஏ கனிஷ்கா! இங்க வா சாமி. அடுப்புத் தணல்ல இதைக் கம்பியில குத்தி வாட்டுனா அப்படியே வெந்துரும். அந்த உப்புக் கிண்ணத்தைக் கொஞ்சம் குடுங்க நர்சம்மா. பாப்பா முழிச்சதும் அவ வாயிலயும் ஒரு துளி நசுக்கி வெக்கலாமுங்களா? வெக்கலாமா? சரி. இவளுக்குத்தான் பாதிக்கு மேல. வா கண்ணு, உக்காரு. சூடு, ஊதித் தின்னோணும். பயப்படாத, இனி அது வராது. மெல்லு, நல்லா மெல்லு. இன்னொரு வாய் வாங்கிக்க. பாருங்க, எப்படித் திங்கறா. எத்தனை நாளாக் கேட்டுட்டிருந்தா.

இப்படிப் பாத்துட்டே இருந்தா எனக்குத் தூக்கம் வருதுங்க. ஆனா இது வேற தூக்கம். ஒரு வாரம் படுத்துக்கலாம்னு சொன்னீங்களே, ஆப்பரேசன் பண்ணுனா? கனம் தூக்கப்படாது, வேலை செய்யப்படாதுன்னு? நெசமா அப்படிப் படுக்க உடுவாங்களா?

சத்தங் கேக்குதுங்களா? வாசல்ல. அத்தைதான். பை வெச்ச சத்தம்.

"ஏ புள்ளே… மதீ! சாமி சாவலைக் காணம், கொடாப்பு காலியாக் கெடக்குது! ஏ மதீ! இங்க வா!"

வந்துட்டேனுங்கத்தே! கையைக் கழுவிட்டு வாரேனுங்க! நர்சம்மா, நீங்க எந்திரிச்சுராதீங்க, இவ கையில கம்பி இருக்குது, பாத்துக்கங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. செவ்வாக்கெழமை ஆசுபத்திரி வண்டி வருமுன்னீங்களே, அது எங்க வந்து நிக்கும்? கோயில் மேட்டுலயா, பால் சொசைட்டிகிட்டயா? என்ற கையெழுத்து மட்டும் போதும், வேற ஆரும் வேண்டாம்னு அன்னைக்குச் சொன்னீங்க. அது மாறலையில்லீங்க? மாறலைன்னா நான் வெடியால எந்திரிச்சு, கோழிகளை உட்டுட்டு, இவளைப் பள்ளிக்கொடத்துல உட்டுட்டு, பாப்பாவை இடுப்புல எடுத்துட்டு நேரா வண்டிக்கு வந்துர்றேனுங்க.